மறு: டீரெய்லருக்குத் தமிழ்ச் சொல் – ‘கியர் போச்சு’ என்றால் எது போச்சு?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். மிதிவண்டிச் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டீரெய்லருக்குத் தமிழ்ப்பெயர் வைக்க இத்தனை பேர் மெனக்கெடுவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நாம் ஒரே ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தேவைப்படுவது குறைந்தது இரண்டு. ஏன் என்பதற்குப் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏலகிரி அடிவாரத்திலிருந்து ஒரு தம்பி அழைத்தான். “அண்ணா, கியர் போச்சு.” எந்தக் கியர் என்றேன். “பின்னாடி கியர்ணா. காலைல கிளம்பும்போது வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. இப்ப ஒரு தட்டு தட்டினா ரெண்டு தாவுது, கடகடன்னு சத்தம்.” கியர்க் கம்பி சற்றுத் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, பின்னால் கம்பி நுழையும் இடத்தில் இருக்கும் திருகியை அரைச்சுற்று திருப்பச் சொன்னேன். சத்தம் குறைந்துவிட்டது என்றான். சரி, ஏறு என்றேன்.

அந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதில் மூச்சு வாங்கியபோது இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்துக்குத் தட்டியிருக்கிறான். டீரெய்லர் நேராக ஆரக்கம்பிகளுக்குள் போய்விட்டது. சுழன்ற சக்கரம் அதைப் பிடித்து இழுத்து, பின்பக்கமாக மேலே வீசியிருக்கிறது. நான்கு ஆரக்கம்பிகளும் சங்கிலியும் டீரெய்லரும் போயின. ஏற்றத்தில் மெதுவாகப் போனதால் ஆள் விழவில்லை.

மாலையில் வண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது: “வண்டி எங்கேயாவது சாஞ்சுதா?” “டீக்கடைச் சுவத்துல சாத்தி வெச்சிருந்தேன்ணா, காத்துல சரிஞ்சுது. வலப்பக்கமா.” அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘கியர்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறோம் என்று நம்பிவிட்டோம். கெட்டுப்போனது கியரே இல்லை. டீரெய்லரை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருந்த, எங்கள் பேச்சில் பெயரே இல்லாத ஒரு துண்டு.

அந்தத் துண்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அலுமினியம். மேல்பாதி பின்சக்கர அச்சை ஒட்டிச் சட்டத்தில் உட்காரும். கீழே 10 மி.மீ. துளை, உள்ளே மரை. டீரெய்லரின் மொத்தப் பாரமும் அந்த மரையில்தான் தொங்குகிறது. வெளியே வழவழப்பான கறுப்புப் பூச்சு. முறிந்த வாயில் மட்டும் உடைத்த கல்லுப்பு மாதிரி சொரசொரவென்று சாம்பல் நிறம். ஆங்கிலத்தில் இதை ஹேங்கர் என்கிறார்கள். நம் இழையில் 40 மடல்களுக்கு மேல் வந்தும் இதன் பெயரை எடுத்தவர் ஒருவர்தான்.

> ஹேங்கருக்குத் ‘தாங்குகாது’ என்று வைக்கலாமே. பட்டறையில் இப்படி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைக் காது என்றுதானே சொல்கிறோம்?

கோவை நண்பரின் இந்த எண்ணம் சரியான இடத்திலிருந்து வருகிறது. பட்டறையில் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் தாங்குகாது என்பதை இரண்டு முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘தாங்காது’ என்றே காதில் விழும். வளைகாது, முறிகாது என்று எதைச் சேர்த்தாலும் தமிழில் ‘காது’ என்ற முடிவு எதிர்மறை வினையின் சாயலை ஏற்றிக்கொள்கிறது. தொலைபேசியில், அதுவும் நடுச்சாலையில் நிற்பவனிடம் சொல்லவேண்டிய பெயருக்கு இந்தக் குழப்பம் ஆகாது.

என் பரிந்துரை ‘தாங்குநாக்கு’. பூட்டில் நீட்டி நிற்பதும் நாக்கு, இடைவாரில் துளைக்குள் நுழைவதும் நாக்கு. ஒன்றிலிருந்து நீண்டு வந்து இன்னொன்றைப் பிடிக்கும் சிறு துண்டை நாம் காலங்காலமாக அப்படித்தான் அழைக்கிறோம். சட்டத்திலிருந்து கீழே தொங்கும் இந்தத் துண்டைப் பார்க்கிற யாருக்கும் அந்தச் சொல் விளக்கம் இல்லாமலே புரியும்.

திருச்சி அம்மா கேட்ட கேள்வி முக்கியமானது. சட்டத்தைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்கும் உறுப்பு இது, அந்தக் குணம் பெயரில் வரவேண்டாமா என்று கேட்டிருந்தார். மின்சாரத்தில் ஃபியூஸுக்கு ‘உருகி’ என்று வைத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள், பாடநூல்களில் அது நிலைத்தும் விட்டது. அந்த வழியில் ‘முறி’யை வைத்து நானும் முயன்று பார்த்தேன். ஆனால் உருகிக்கு உருகுவது ஒன்றே வேலை. தாங்குநாக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் முறியாமல் தாங்க வேண்டும், ஒருநாள் அடி விழுந்தால் முதலில் வளைய வேண்டும். அன்றாட வேலையைப் பெயராக வைப்போம், தியாகத்தை விளக்கத்தில் சொல்வோம்.

இனி டீரெய்லர். ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தில் எட்டுப் பேர் அதை ‘டிரெய்லர்’ என்றுதான் எழுதுவார்கள். அது ஏற்கெனவே படத்தின் முன்னோட்டம், அதோடு லாரி பின்னால் இழுக்கும் வண்டி. மூன்றாவதாக இதையும் ஏற்ற முடியாது.

அது பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்தின் ‘ரெயில்’ பிரெஞ்சுக்குப் போய், தண்டவாளத்தை விட்டு விலகுவதற்கு வினையாகி, அதிலிருந்து ‘விலக்குவது’ என்ற பெயராகி, மறுபடி ஆங்கிலத்துக்கே வந்தது. அமெரிக்காவில் மிதிவண்டிப் பழுதுபார்ப்பைப் பற்றி நிறைய எழுதிய ஷெல்டன் பிரௌன், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு ஆங்கில முறையிலேயே எழுதலாம் என்று சொல்லிப் பார்த்தார், ஊர் கேட்கவில்லை. ஜெர்மானியர் அந்தச் சொல்லை எடுக்காமல் வேலையைப் பார்த்துத் தங்கள் சொல்லை வைத்தார்கள். பின்சக்கரத்தில் இருக்கும் டீரெய்லருக்கு ஷால்ட்வெர்க், முன்னால் மிதிகட்டை அருகே இருப்பதற்கு உம்வெர்ஃபர். ஸ்பானியத்திலும் இரண்டுக்கும் தனிப்பெயர்.

> நேர் மொழிபெயர்ப்பாகத் ‘தடம்புரட்டி’ என்றால் என்ன?

தடம் புரண்டது என்றால் நமக்கு ரெயில் விபத்து. ஒழுங்காக வேலை செய்வதே தடம்புரட்டுவது என்றால், பழுதை எப்படிச் சொல்வது? ‘சங்கிலிமாற்றி’ வேண்டாம். ‘சங்கிலி மாற்றினேன்’ என்றால் புதுச் சங்கிலி போட்டேன் என்றுதான் பொருள். ‘பல்லிணை மாற்றி’யிலும் ஓர் இடறல் உண்டு. பல்லோடு பல் இணைவதுதான் பல்லிணை, இங்கே எந்தச் சக்கரமும் இன்னொன்றின் பல்லைத் தொடுவதில்லை. நடுவில் சங்கிலி இருக்கிறது.

நடப்பது இதுதான். பின்னால் பல்வட்டுகள் அடுக்காக இருக்கின்றன (கேசட்டுக்குப் ‘பல்லடுக்கு’ என்று முதல் மடலிலேயே முடிவானது, எனக்கு மிகவும் பிடித்த சொல்). ஒவ்வொரு வட்டும் சங்கிலிக்கு ஒரு தடம். கருவி சங்கிலியை ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு நகர்த்துகிறது. ஆகவே ‘தடமாற்றி’. ரெயிலின் நினைவும் இருக்கிறது, விபத்து இல்லை. முன், பின் என்று சேர்த்துக்கொண்டால் போதும். ‘தடுமாற்றம்’ போல ஒலிக்கிறது என்றார் ஒரு நண்பர். ஒரு வாரமாகப் பயிற்சிக் குழுவில் சொல்லிப் பார்க்கிறேன், இதுவரை யாரும் தடுமாறவில்லை.

இந்தப் பெயர்கள் கையில் இருந்தால் அந்தத் தொலைபேசிப் பேச்சு எப்படிப் போயிருக்கும்? நேற்றுவரை சரியாக இருந்த வண்டி திடீரென்று மாறினால் முதலில் நினைக்க வேண்டியது, திருகு தானாகத் திரும்பாது என்பது. தடமாற்றி இரு ஓரங்களையும் தாண்டாமல் தடுக்கும் எல்லைத் திருகுகளைத் தொடவே கூடாது. அப்புறம் கைப்பிடியில் கியர் மாற்றத் தட்டும் நெம்புகோலைப் பற்றிக் கேட்க வேண்டும். தட்டினால் பாரமே இல்லாமல் சொடுக்கு மட்டும் கேட்கிறதா, சங்கிலி கடைசிச் சின்ன வட்டில் போய் உட்கார்ந்து வர மறுக்கிறதா, அப்படியானால் நெம்புகோலிலிருந்து தடமாற்றிக்குப் போகும் இழுகம்பி அறுந்துவிட்டது. கம்பி இல்லாவிட்டால் தடமாற்றியைச் சுருள்வில் அங்கேதான் கொண்டுபோய் விடும். பெரும்பாலும் அறுவது கைப்பிடிக்குள், கம்பியின் தலை வளைந்து திரும்பும் இடத்தில். ரப்பர் உறையை உரித்தால் பிரிந்த இழைகள் தெரியும். வீடு சேர ஒரு வழி உண்டு: வெளி எல்லைத் திருகை உள்ளே முடுக்கினால் தடமாற்றி ஒன்றிரண்டு வட்டு உள்ளே வந்து நிற்கும், மிதிக்கச் சற்று எளிதாகும். எல்லைத் திருகைத் தொட அனுமதியுள்ள ஒரே வேளை அது.

நெம்புகோலில் பாரம் இருக்கிறது, மாறவும் செய்கிறது, ஆனால் தப்பும் தவறுமாக மாறுகிறது என்றால் கையைத் திருகியிலிருந்து எடுத்துவிட்டு வண்டியின் பின்னால் உட்கார வேண்டும். தடமாற்றியில் சங்கிலி சுற்றி ஓடும் இரண்டு பல்லுருளைகளும் பல்வட்டுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழுருளை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் தாங்குநாக்கு வளைந்திருக்கிறது. 11 வட்டு அடுக்கில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மி.மீ.கூட இல்லை, அதனால் நாக்கு துளி வளைந்தாலே எல்லாத் தடமும் தப்பும். கம்பியை முடுக்கினால் ஒன்றிரண்டு தடம் சரியானதுபோல் தோன்றும், நான் செய்தது அதைத்தான். பெரிய வட்டுக்குப் போகாதே, நடுவில் இரண்டு மூன்றோடு திரும்பி வா என்று அன்று சொல்லியிருக்க வேண்டும்.

வளைந்த நாக்கை நிமிர்த்துவதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ரிம் ஆடினால் சைக்கிள் கடையில் ‘கோட்டம் எடுக்கிறோம்’. இதற்கும் அதுவே. நாக்கின் மரையில் கோட்டம் பார்க்கும் அளவுகோலை மாட்டி, ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வரும்வரை நிமிர்த்துவது ‘நாக்குக் கோட்டம் எடுத்தல்’. அலுமினிய நாக்கு இதை ஓரிரு முறை பொறுத்துக்கொள்ளும், அதற்குமேல் மாற்றிவிடுவதுதான் நல்லது. சட்டத்துக்குச் சட்டம் இதன் வடிவம் வேறு என்பதால் வண்டி வாங்கும்போதே இன்னொன்று வாங்கி இருக்கைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். துவிச்சக்கரவண்டி திருத்தும் கடைகளில் இந்தத் துண்டுக்கு ஏற்கெனவே ஏதாவது பெயர் புழங்குகிறதா? இருந்தால் எழுதுங்கள், தாங்குநாக்கை நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

அன்புடன்.