பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ்: ஜாஸ்காரர்களின் பண்டிகைப் பாட்டு கேட்ட அனுபவங்கள்

குயின்ஸ்வாசி:
நியூயார்க் குயின்ஸில் கரோனா என்ற பகுதியில் உள்ள ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த நீலச் சமையலறையைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது மாடியில் அவருடைய அறை. டேப் ரெக்கார்டர்கள் அப்படியே இருக்கின்றன, அவர் தானே பதிவு செய்து வைத்த பேச்சைப் போட்டுக் காட்டுகிறார்கள். கூட வந்த பெரியவர் ஒருவர், கிறிஸ்துமஸ் தாத்தா வரும் இரவைப் பற்றிய அந்தப் பழைய கவிதையை ஆம்ஸ்ட்ராங் இந்த வீட்டில்தான் படித்துப் பதிந்தார் என்றார். 1971 பிப்ரவரி 26. இசைத்தட்டாக வெளிவந்த அவருடைய கடைசிப் பதிவு அது, ஜூலை 6இல் போய்விட்டார். டிரம்பெட் இல்லை, பாட்டு இல்லை, வெறும் குரல். இரவு ரயிலில் வரும்போது போட்டுக் கேட்டேன். கிறிஸ்துமஸ் தாத்தா சிரித்தால் தொப்பை குலுங்கும் என்ற வரி வந்ததும் ஆம்ஸ்ட்ராங்கே சிரித்துவிடுகிறார். நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று வருகிற சிரிப்பு. பிப்ரவரியில் போய் இதை எதற்குப் படித்தார்?

ஓக்லண்ட் மாமி:
எனக்கு பியானோக்காரர் வின்ஸ் குவரால்டிதான், 1965 சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் கார்ட்டூனுக்கு அவர் போட்ட பாட்டு. என் பெண் பள்ளி கோரஸில் அதைப் பாடினாள், டீச்சர் சுருதி சுருதி என்று குழந்தைகளை ஒரு வழி பண்ணிவிட்டார். கடைசி ஒத்திகையில் ஒரு வாண்டு மட்டும் எல்லோருக்கும் முன்னால் அடியை எடுத்து, நடுவில் நின்று, மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தது. அசல் பதிவே அப்படித்தானே இருக்கும்! சான் ரஃபேல் தேவாலயக் குழந்தைகள், கொஞ்சம் பிசிறு தட்டும், குழந்தைகள் குழந்தைகளாகவே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நிகழ்ச்சி அன்று அந்த வாண்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஸ்காபரோ தம்பி:
நான் முதியோர் இல்லத்திலை இரவு வேலை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்த ஐயா ஒருவர் இருந்தார், பேச்சும் குறைவு. டிசம்பரிலை ஜாஸ் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சனின்ரை 1995 கிறிஸ்துமஸ் சீடியைப் போட்டு விட்டேன். பீட்டர்சனுக்கும் 1993இல் பக்கவாதம், இடது கை பழையபடி ஓடாது, அது உங்களுக்குத் தெரியும்தானே. ஐயாவுக்கு நான் சொல்லவே இல்லை. இரண்டாவது பாட்டிலை அவர் வலது கையாலை இடது கையைத் தூக்கி மேசையிலை வைத்துவிட்டு, அதன் மேலை விரலாலை தாளம் போட்டார். வேறை ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுதான்.

நேர்ப்பேச்சு:
குயின்ஸ்வாசி, இதில் என்ன மர்மம்? இசைத்தட்டு அச்சாகி நவம்பரில் கடைக்கு வர வேண்டுமென்றால் கோடையிலேயே பாடியாக வேண்டும். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் கிறிஸ்துமஸ் தட்டை 1960 ஜூலை, ஆகஸ்டில் பாடினார். மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் நாட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ என்ற குளிர்காலப் பாட்டை எழுதியதே 1945 ஜூலை வெயிலில். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1962 ஆகஸ்டில், கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி கேட்டதால் பாடகர் பாப் டோரோவை வைத்து ஒன்று பதிந்தார், பண்டிகை வியாபாரத்தையே திட்டுகிற பாட்டு. என் அனுபவம் அதுதான்: ஆபீஸ் விருந்தில் அதைப் போட்டேன், மேனேஜர் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

சரி, புதிதாகக் கேட்பவர்கள் பாட்டுப் பாடும் தட்டில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960இல் சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் பாலே இசையை ஜாஸாகப் பிரித்து மேய்ந்ததைக் கேளுங்கள். மூலத்தில் செலஸ்டா என்ற சின்னப் பியானோ போன்ற வாத்தியம் மணி மாதிரி கிணுகிணுக்கும் இடத்தை இவர்கள் டெனர் சாக்ஸபோனிடம் கொடுத்து, குடித்துவிட்டு நடப்பது போல ஆக்கியிருப்பார்கள். அப்புறம் ஜிம்மி ஸ்மித்தின் ஆர்கன், அப்புறம் கென்னி பரலின் கிடார். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் செத்துவிடும். சமைக்கும்போதும் வேண்டாம். மாமி, உங்கள் பெண்ணுக்குப் பியானோ சொல்லிக் கொடுங்கள், கோரஸ் வேலைக்காகாது.

ஓக்லண்ட் மாமி:
என் பெண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று உங்களை யாராவது கேட்டார்களா? தம்பி, அந்த ஐயா எப்படி இருக்கிறார்?

குயின்ஸ்வாசி:
நேர்ப்பேச்சு, நீங்கள் சொல்வதெல்லாம் ஸ்டுடியோக் கணக்கு. உடம்பு முடியாத மனுஷன் வீட்டில் தன் மெஷினில் படித்தது அதில் சேராது. 2022இல் வந்த ஆம்ஸ்ட்ராங் கிறிஸ்துமஸ் தொகுப்பில் அதற்குப் பின்னால் புதிதாகப் பியானோ சேர்த்திருக்கிறார்கள், பியானோக்காரர் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார், ஆனால் எனக்கு அந்த மூச்சுச் சத்தம் வேண்டும். பியானோ இல்லாத பழைய சிறு தட்டு யாரிடமாவது இருக்கிறதா? விலைக்கென்றாலும் சரி.