வீட்டு ஃபயர்வாலுக்குப் பழைய பெட்டி: இந்த மூன்றில் எதை எடுப்பது?

இரவுவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வாசலிலும் பின்கட்டிலும் இரண்டு கண்காணிப்புக் கேமராக்கள் வைத்திருக்கிறேன். போன மாதம் ரவுட்டரின் பதிவேட்டைத் தற்செயலாகத் திறந்தபோது, அவை இரண்டும் நள்ளிரவில் நான் கேள்விப்படாத முகவரிகளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ரவுட்டருக்கோ நான்கு ஆண்டுகளாக எந்தப் புதுப்பிப்பும் வரவில்லை.

கேமராக்களைத் தனி வலையமைப்பில் அடைத்து, வெளியே போகவிடாமல் தடுக்க வேண்டும். நான் பயணத்தில் இருக்கும்போது விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக வீட்டுக்குள் வந்து அவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பழைய பெட்டியில் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளைப் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வலையமைப்புக்குள் வருவதையும் வெளியே போவதையும் அது கட்டுப்படுத்தும். இணைப்பு 300 மெகாபிட், பிபிபிஓஇ முறை (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைவது).

கைக்கு எட்டுவன மூன்று. ஒன்று, அலுவலகத்தில் கழித்துக் கட்டிய மேசைக் கணினி, கோர் 2 டுவோ இ8400. அதைச் சும்மாவே தருகிறார்கள். இரண்டாவது, சர்வர் அடுக்கான ராக்கில் மாட்டும் பழைய ஃபயர்வால் பெட்டி, ஆறு போர்ட், உள்ளே ஆட்டம் சி2558 பிராசசர். மூன்றாவது, எச்பி டி620 பிளஸ் தின் கிளையன்ட் (அலுவலகங்களில் சர்வரோடு இணைத்துப் பயன்படுத்தும் சின்னக் கணினி). அதற்கு நெட்வொர்க் கார்டு தனியாக வாங்க வேண்டும். பெட்டியை வைக்க என் படுக்கையறை அலமாரியை விட்டால் வேறு இடம் இல்லை. ஆறு போர்ட் பெட்டியின் மேல்தான் எனக்குக் கண். சரிதானா?

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் நண்பரே. அந்த ஆறு போர்ட் பெட்டியை வாங்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்.

அதில் இருக்கும் சி2558 சேர்ந்த ஆட்டம் சி2000 வரிசைச் சிப்புகளில் ஒரு பிறவிக் குறை உண்டு. 2017 தொடக்கத்தில் அது வெளியே தெரிந்தது. பெட்டி எழுவதற்குத் தேவையான, சிப்பிலிருந்து வரும் எல்பிசி கடிகாரச் சமிக்ஞை சில ஆண்டுகள் ஓடிய பின் நின்றுபோகலாம். அப்படி நின்றால் பெட்டி மறுபடி எழாது. பிறகு வந்த சி0 ஸ்டெப்பிங்கில் (சிப்பின் திருத்தப்பட்ட பதிப்பில்) இதைச் சரிசெய்தார்கள். உங்களுக்குக் கிடைப்பது எந்த ஸ்டெப்பிங் என்று விற்பவரால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டின் ஒரே வாசலை இப்படிப்பட்ட பெட்டியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வராது. அதுவும் போக, ராக் பெட்டிகளில் இருக்கும் சின்ன விசிறிகளின் சத்தத்தோடு படுக்கையறையில் யாராலும் தூங்க முடியாது.

அடுத்து அந்த இலவசக் கணினி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் ஃபயர்வால் ஆண்டு முழுவதும் அணையாமல் ஓடும் பொருள். இந்த மாடு எவ்வளவு தின்னும் என்று பார்த்தே ஆக வேண்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அந்தக் காலத்து மேசைக் கணினி சும்மா நின்றாலே 60 வாட் இழுக்கும் என்று வைத்தால் 525 யூனிட். என்னிடம் டி620 பிளஸ் ஒன்று நான்கு போர்ட் கார்டோடு ஓடுகிறது. மின்சாரம் அளக்கும் செருகியில் பார்த்தேன், 14, 15 வாட்டைத் தாண்டுவதில்லை. அதாவது ஆண்டுக்கு 131 யூனிட்டுக்குள். மிச்சமாகும் 394 யூனிட்டை உங்கள் மின்கட்டணத்தால் பெருக்குங்கள். சும்மா கிடைத்த கணினியின் விலை தெரியும். இ8400-இல் ஏஇஎஸ் மறையாக்கத்தை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ்-என்ஐ வசதியும் இல்லை. அது 2010-இல்தான் சிப்புகளுக்குள் வந்தது. ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளை ஓட்டினால் அந்தக் குறை நன்றாகவே தெரியும்.

ஆக என் ஓட்டு தின் கிளையன்ட்டுக்கு. நான்கு கோர், 2 கிகாஹெர்ட்ஸ், ஏஇஎஸ்-என்ஐ உண்டு, விசிறியே கிடையாது. ஆனால் பெட்டியைவிடக் கார்டில்தான் நீங்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டும். பழைய பொருள் வாங்குபவர்கள் பிராசசரைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள், கார்டைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம். ஓபிஎன்சென்ஸுக்கு அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அதில் இன்டெல் கார்டுகளின் டிரைவர் பல்லாண்டு அடிபட்டுத் தேறியது. ரியல்டெக் போர்ட்டுகளுக்குத் தனி டிரைவர் செருகுநிரல் போட வேண்டிவரும். யுஎஸ்பி அடாப்டர்களை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். டி620 பிளஸில் ஏற்கனவே இருக்கும் ஒற்றைப் போர்ட் ரியல்டெக்தான். அதைச் சும்மா விட்டுவிட்டு இன்டெல் ஐ350 அல்லது ஐ340 நான்கு போர்ட் கார்டு ஒன்றைப் போடுங்கள்.

ஐ350-இல் போலிகள் ஏராளம். நான் முதலில் வாங்கியதே போலிதான். சூடேறியதும் நான்காவது போர்ட் காணாமல் போகும். கேபிளை மாற்றினேன், விதிகளை அழித்து எழுதினேன், இரண்டு முறை மென்பொருளை முதலிலிருந்து நிறுவினேன். மூன்று மாதம் கழித்துத்தான் கார்டைக் கழற்றி அசல் கார்டின் படத்தோடு ஒப்பிட்டேன். போர்ட் கூட்டின் மேல் தயாரிப்பாளர் பெயரே இல்லை. பின்பக்க முத்திரைச் சீட்டும் இல்லை. இப்போதெல்லாம் புத்தம் புதிது என்று மலிவாக வருவதைத் தொடுவதில்லை. பெரிய சர்வர்களிலிருந்து கழற்றியது, தூசி படிந்தது, பகுதி எண் தெளிவாக இருப்பது என்று தேடித்தான் வாங்குகிறேன். கார்டைப் பெட்டியில் பொருத்தும் குட்டைத் தகடு சேர்த்துக் கேளுங்கள். நெட்டைத் தகடு அந்தப் பெட்டிக்குள் போகாது.

ஒற்றைக்கோர் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. பிபிபிஓஇ என்றால் ஃப்ரீபிஎஸ்டியில் கார்டு அந்தப் போக்குவரத்தைப் பல வரிசைகளாகப் பிரிக்க முடியாமல் ஒரே வரிசையில் கொட்டும். நான்கு கோர் இருந்தாலும் ஒன்றுதான் சுமக்கும். 300 மெகாபிட்டுக்கு டி620 பிளஸ் போதும். நாளை ஒரு கிகாபிட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கும் பெட்டி வேண்டும். லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ பாருங்கள். கார்டைச் செருக உதவும் ரைசர் பலகை தனியாக வாங்கினால் அதிலும் கார்டு போடலாம், 2.5 அங்குல டிஸ்குக்கான இடம் போய்விடும், தாய்ப்பலகையில் நேராகச் செருகும் எம்.2 டிஸ்குதான்.

விலேன் (ஒரே கேபிளில் பல தனி வலையமைப்புகளைப் பிரித்து ஓட்டும் முறை) தெரிந்த ஸ்விட்ச் இருக்கிறதா? இருந்தால் நான்கு போர்ட் கார்டே தேவையில்லை. ஒரே கிகாபிட் போர்ட்டில் வெளி இணைப்பையும் வீட்டையும் கேமராக்களையும் மூன்று விலேன்களாக ஏற்றலாம். கிகாபிட் என்பது போக ஒன்று, வர ஒன்று. 300 மெகாபிட் பதிவிறக்கம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும்.

இன்னொன்று, வயர்கார்டு என்ற மற்றொரு விபிஎன்னுக்கு ஏஇஎஸ்-என்ஐ உதவாது. அது சாச்சா20 முறையில் மறையாக்கம் செய்கிறது.

இரவுவிளக்கு எழுதியது:

மிக்க நன்றி. ஆறு போர்ட் பெட்டியை விட்டுவிட்டேன். ஸ்டெப்பிங் பற்றிக் கேட்டதற்கு விற்பவரிடமிருந்து பதிலே இல்லை. இலவசக் கணினியில் ஒரு வாரம் ஓபிஎன்சென்ஸ் போட்டுப் பழகினேன். ஃபயர்வால் விதிகளின் வரிசை முக்கியம் என்பதை வீட்டு இணையத்தை இரண்டு முறை துண்டித்துக் கற்றுக்கொண்டேன். பிறகு டி620 பிளஸும், சர்வரிலிருந்து கழற்றிய ஐ350 கார்டும் வாங்கினேன். போர்ட் கூட்டின் மேல் பெயர் இருக்கிறது, முத்திரைச் சீட்டும் இருக்கிறது.

மின்சாரம் போய் வந்ததும் பெட்டி தானாக எழவில்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதற்கான அமைப்பை மாற்றிய பிறகு எழுகிறது. நேற்றிரவு இரண்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்தேன். கேமராக்கள் வெளியே போக எடுத்த ஒவ்வொரு முயற்சியும் தடுக்கப்பட்டு வரிசையாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். ஒரே ஒரு சிக்கல்: பின்கட்டுக் கேமராவின் கடிகாரம் 20 நிமிடம் பின்தங்கிவிட்டது.

செம்புக்கம்பி எழுதியது:

வெளியே இருக்கும் நேர சர்வரை அதனால் எட்ட முடியவில்லை, அதனால்தான். ஓபிஎன்சென்ஸிலேயே நேரம் சொல்லும் என்டிபி சேவை இருக்கிறது. கேமராவில் நேர சர்வராக ஃபயர்வாலின் முகவரியைக் கொடுங்கள். கேமரா வலையமைப்பில், தடுப்பு விதிக்கு மேலே, என்டிபி பயன்படுத்தும் எண்ணான ஃபயர்வாலின் யுடிபி 123-க்கு மட்டும் அனுமதி தரும் ஒரு விதியைச் சேருங்கள். வேறு எதையும் திறக்க வேண்டாம்.