கோழிமேல் பழி

குழு: தோட்டத்து வீடு
ஞாயிறு, காலை 9.10

சரோஜா அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) அவசரச் செய்தி!! பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் வளர்க்கிறார்கள். அதைச் சாப்பிடும் பெண் குழந்தைகள் 8 வயதிலேயே பெரிய மனுஷி ஆகிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்ற 10 குழுவுக்கு அனுப்புங்கள்!!

மணி சித்தப்பா: அக்கா, காலங்காத்தாலே என் பிழைப்பில் மண்ணைப் போடுறீங்களே.

சரோஜா அத்தை: உன்னைச் சொல்லலை மணி. பொதுவா வந்தது, போட்டேன்.

மணி சித்தப்பா: பொதுவா என்றால் என்னங்க அர்த்தம்? இந்தக் குழுவில் கோழிப்பண்ணை வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான்.

கார்த்தி அண்ணன்: அத்தை, போன வாரம் சித்தப்பா கொடுத்தனுப்பிய கோழியில் இரண்டு காலும் உங்கள் தட்டில்தான் இருந்தது.

சுதா அண்ணி: விளையாட்டு இருக்கட்டும். மித்ராவோடு ஸ்கூல் வேனில் வருகிற அஞ்சாவது படிக்கிற பொண்ணு போன வாரம் வயசுக்கு வந்துட்டாளாம். பத்து வயசு. மித்ராவுக்கு இப்போதுதான் எட்டு முடிந்திருக்கிறது. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. திவ்யா, நீ ஹார்மோன் லேபில்தானே இருக்கிறாய்? உள்ளதைச் சொல்லு.

மணி சித்தப்பா: அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். என் ஷெட்டில் 5,000 குஞ்சு. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவோம். அப்புறம் ஒரு தடவை குடிதண்ணீரில் கலந்து கொடுப்போம். அதைப் பார்த்த யாரோ ஹார்மோன் என்று கட்டிவிட்டார்கள். கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறவன் நான். தினம் 5,000 கோழியைப் பிடித்து ஊசி போட ஆள் கூலி யார் தருவது?

திவ்யா: சித்தப்பா சொல்வது சரிதான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பு மாதிரி குடலிலேயே செரித்துவிடும். கோழி வேகமாக வளர்வதற்கு முக்கியக் காரணம் இனத்தேர்வு. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957 காலத்து இனத்தையும் 2005 காலத்து இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆவது நாள் பழைய கோழி 900 கிராம், புதுக் கோழி 4.2 கிலோ.

மணி சித்தப்பா: கேட்டுக்கோங்க எல்லாரும்.

திவ்யா: இருங்க சித்தப்பா, முடிக்கவில்லை. அத்தை போட்ட செய்தியில் ஒரு பழைய உண்மையின் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழிக்கு ஹார்மோன் வைத்த காலம் ஒன்று உண்டு. இங்கே இல்லை, அமெரிக்காவில். ஈஸ்ட்ரோஜன் என்றால் பெண் ஹார்மோன். டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சேவலின் கழுத்துத் தோலுக்கு அடியில் பதிப்பார்கள். கறி மெத்தென்று இருக்கும், கொழுப்பு ஏறும். 1959இல் அதை நிறுத்தினார்கள்.

சரோஜா அத்தை: பார்த்தியா மணி! நெருப்பில்லாமல் புகையுமா?

மணி சித்தப்பா: 1959இல் நீங்களே பிறக்கலை அக்கா. அந்த ஊர் சேவலுக்கு நான் என்ன பண்ணுவேன்?

பெரியப்பா: டிஇஎஸ் மனிதர்களுக்கும் கொடுத்த மருந்து அல்லவா? படித்த ஞாபகம்.

திவ்யா: ஆமாம் பெரியப்பா. 1938இல் லண்டனில் சார்ல்ஸ் டாட்ஸ் என்பவரின் குழு உருவாக்கியது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1953இல் சிகாகோவில் முறையாகச் சோதித்தபோது தடுக்கவே இல்லை என்று தெரிந்தது. அப்படியும் எழுதுவதை விடவில்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் அதுதான்.

திவ்யா: 1971இல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 8 பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் 15 முதல் 22 வயதுக்குள். பிறப்புறுப்பில் புற்றுநோய், அந்த வயதில் யாரும் எதிர்பார்க்காதது. விசாரித்தால், அவர்களில் 7 பேருடைய அம்மாக்கள் கர்ப்பமாக இருந்தபோது டிஇஎஸ் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா: தாய் முழுங்கினது இருபது வருஷம் கழிச்சு மகளுக்கா? அய்யோ சாமி.

திவ்யா: வயிற்றுக்குள் உறுப்புகள் உருவாகிற சில வாரங்களில் தப்பான ஹார்மோன் போய்ச் சேர்ந்திருக்கிறது அம்மா. சாப்பிட்டவருக்கு அப்போது ஒரு தொந்தரவும் தெரிந்திருக்காது.

பெரியப்பா: முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தேன். நஞ்சு என்றாலே ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்றுதான் ஆரம்பிப்பேன். நீ சொல்வதைப் பார்த்தால் அளவைவிட வேளைதான் முக்கியம் போலிருக்கிறதே?

திவ்யா: இரண்டும்தான் பெரியப்பா. ஆனால் ஹார்மோன் விஷயத்தில் அளவு என்பதே நம் கணக்குக்குப் பிடிபடாத சின்ன அளவு. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனை பிகோகிராமில் அளக்கிறோம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அத்தனை சின்ன அளவுக்கே செல்கள் காது கொடுத்துக் கேட்கின்றன. அதனால் ஹார்மோன் மாதிரி குரலில் பேசுகிற வேறு ஒரு வேதிப்பொருள் வந்தால் அதையும் கேட்டுவிடுகின்றன.

கார்த்தி அண்ணன்: மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட்.

திவ்யா: அதேதான். சிலது மிமிக்ரி செய்யும். சிலது நிஜ ஹார்மோன் பேசவிடாமல் வாயைப் பொத்தும்.

காலை 9.48

கார்த்தி அண்ணன்: சரி, கோழி நிரபராதி. அப்போது குற்றவாளி யாரு?

திவ்யா: அந்த டாட்ஸையே தொடர்ந்து போனால் ஒரு ஆள் கிடைப்பான். டிஇஎஸ் செய்வதற்கு முன்னால், 1936இல், அவர் பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) என்ற பொருளையும் சோதித்தார். அதற்கும் ஈஸ்ட்ரோஜன் குணம் இருந்தது, ஆனால் பலவீனம். டிஇஎஸ் வந்ததும் மருந்தாக அதை யாரும் சீண்டவில்லை. 1950களில் அதிலிருந்து பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அண்ணா, உங்கள் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற தண்ணீர் கேனின் அடியைத் திருப்பிப் பாருங்க.

கார்த்தி அண்ணன்: கெட்டியான கேனில் முக்கோணத்துக்குள் 7. லேசா அமுங்குற கேனில் 1.

திவ்யா: 1 என்றால் பெட் (PET) என்ற வேறு பிளாஸ்டிக். அதில் பிஸ்பீனால் இல்லை. 7 என்பது ‘மற்றவை’, பாலிகார்பனேட் அதில்தான் வரும். சூடு பட்டாலும், பழசாகிக் கீறல் விழுந்தாலும் அதிகமாகக் கசியும். கேனை நிழலுக்கு மாற்றுங்க, போதும்.

கார்த்தி அண்ணன்: பிளாஸ்டிக் உருகினால்தானே தண்ணியில் கலக்கும்? கேன் அப்படியேதான் நிற்குது.

திவ்யா: பாஸ்டனில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனென்ஷைன் என்று இரண்டு விஞ்ஞானிகள். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் மட்டும் பெருகுகிற மார்பகப் புற்றுசெல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1987 கடைசியில் ஒருநாள், ஈஸ்ட்ரோஜனே ஊற்றாத தட்டிலும் செல்கள் பெருகி நிற்கின்றன. யாரோ தெரியாமல் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மாதக்கணக்கில் தேடி, கடைசியில் பிடித்தார்கள். செல்களுக்கு ஊற்றுகிற சீரம் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்! தயாரிப்பாளர் கலவையை மாற்றியிருக்கிறார். அதிலிருந்த நோனைல்பீனால் என்ற வேதிப்பொருள் கசிந்து ஈஸ்ட்ரோஜன் வேலை பார்த்திருக்கிறது. குழாய் உருகவில்லை, நெளியவில்லை.

பெரியப்பா: அருமை. பாடப்புத்தகத்தில் இதை வைத்திருந்தால் ஒரு பிள்ளையும் தூங்கியிருக்காது.

சுதா அண்ணி: திவ்யா, மித்ரா விஷயம்?

திவ்யா: மன்னிச்சுக்கோங்க அண்ணி, கதையில் இறங்கிவிட்டேன். நேராகச் சொல்கிறேன். பத்து வயசில் வந்தால் கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் அது நோய் இல்லை. எட்டு வயசு முடியும் முன்பே மார்பு வளர ஆரம்பித்தால் குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். கையை ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். மித்ராவுக்கு அப்படி ஏதாவது?

சுதா அண்ணி: ஒன்றும் இல்லை. நெட்டுக்கு வளர்கிறாள், அவ்வளவுதான்.

திவ்யா: அப்புறம் என்ன, தூங்குங்க. பூப்பெய்தும் வயசு குறைந்ததற்கு நன்றாகத் தெரிந்த காரணம் சாப்பாடும் உடல் எடையும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதில் ஆனவர்கள், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13க்கு வந்துவிட்டார்கள். அந்தச் சரிவில் பெரும்பகுதி பிளாஸ்டிக் பாட்டில் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்தது.

அம்மா: அப்போ பிளாஸ்டிக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்கிறியா?

திவ்யா: அப்படியும் சொல்ல முடியாது அம்மா. கோபன்ஹேகனில் 1991இல் பார்த்த பெண் குழந்தைகளுக்கு மார்பு வளர ஆரம்பித்த சராசரி வயசு 10.9. 2006இல் 9.9. பதினைந்தே வருஷத்தில் ஒரு வயசு குறைந்துவிட்டது. ஆனால் குழந்தைகள் அந்த அளவுக்குக் குண்டாகவில்லை. மாதவிலக்கு வயசும் சில மாதம்தான் முந்தியது. அப்படியென்றால் மார்பை மட்டும் எது முந்தித் தட்டி எழுப்புகிறது? வேதிப்பொருள்மேல் சந்தேகம் அங்கேதான் வருகிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

பெரியப்பா: நானும் ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளில் நம் தோட்டத்தில் பருத்திக்கு எண்டோசல்பான் பூச்சிமருந்து அடித்தோம். நானும் உங்கள் அப்பனும்தான். வாயில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. அடித்த கையோடு வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றோம்.

மணி சித்தப்பா: அந்த டப்பாவைக் கழுவி அதில்தானே அண்ணா மாட்டுக்குப் பிண்ணாக்கு ஊறவைத்தோம்.

திவ்யா: அய்யோ. பெரியப்பா, காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு அதை ஹெலிகாப்டரில் 20 வருஷத்துக்கும் மேல் தெளித்தார்கள். 2000இல்தான் நிறுத்தினார்கள். அங்கே ஒரு கிராமத்தில் 10 முதல் 19 வயசுப் பையன்களை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிசோதித்து 2003இல் வெளியிட்டது. பருவ வளர்ச்சி பிந்தியிருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வயசுக்கு ஏற்ற அளவு இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது.

சரோஜா அத்தை: அங்கே பிந்துது, இங்கே முந்துதா? ஒண்ணும் புரியலை கண்ணு.

திவ்யா: எந்தப் பொருள், எந்த வயசில் என்பதைப் பொறுத்தது அத்தை. அதனால்தான் ‘இதைத் தின்றால் இது வரும்’ என்று ஒரே வரியில் செய்தி போட முடியாது.

மணி சித்தப்பா: அக்காவுக்குத்தான் அது.

காலை 10.30

அம்மா: வீட்டில் என்ன பண்ணணும், அதைச் சொல்லு. நான் சமைக்கப் போகணும்.

திவ்யா: சூடு, எண்ணெய், பிளாஸ்டிக் மூன்றையும் ஒன்றாகச் சேர விடாதீங்க. பிளாஸ்டிக்கை வளைய வைக்கிற பித்தலேட்டுகளும் ஹார்மோன் வேலையில் தலையிடுகிற கூட்டம்தான், எண்ணெயில் சுலபமாக இறங்கும். கொதிக்கக் கொதிக்கக் குருமாவை ஊற்றித் தருகிறார்களே மெல்லிசு கவர், அது எதை உருக்கிச் செய்தது, என்ன கலந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் அந்த மாதிரிக் கவருக்குத் தடை. நேற்று ராத்திரி கார்த்தி அண்ணன் புரோட்டாவும் சால்னாவும் எதில் வாங்கி வந்தார் அண்ணி?

சுதா அண்ணி: வேறு எதில்? கவரில்தான். நூல் கட்டி, பலூன் மாதிரி.

கார்த்தி அண்ணன்: இத்தனை நேரம் கோழி மாட்டிச்சு. இப்போ நானா?

திவ்யா: உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. கடை பில் ரோலும் அப்படித்தான். சூடு பட்டால் எழுத்து வருகிற அந்தத் தாளில் பிஸ்பீனால் பூசியிருப்பார்கள். எச்சில் தொட்டுக் கிழிப்பதை விடுங்க. ஐரோப்பாவில் 2020 முதல் அந்தத் தாளில் பிஸ்பீனால் ஏ 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

அம்மா: ‘பிபிஏ ஃப்ரீ’ன்னு போட்ட டப்பா நாலு வாங்கி வச்சிருக்கேன்.

திவ்யா: சிலவற்றில் ஏ-வை எடுத்துவிட்டு பிஸ்பீனால் எஸ் போடுகிறார்கள் அம்மா. அதுவும் அவனுடைய பங்காளிதான், வேலை கிட்டத்தட்ட அதே வேலை. அரிசி, பருப்பு கொட்டி வைங்க, ஒன்றும் ஆகாது. சூடாக எதையும் போடாதீங்க.

பெரியப்பா: உள்ளே போனது போனதுதானா?

திவ்யா: இல்லை பெரியப்பா. எண்டோசல்பான், டிடிடி வகையறா மாதிரி பிஸ்பீனாலும் பித்தலேட்டும் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். சான் பிரான்சிஸ்கோ பக்கம் 5 குடும்பங்கள், 20 பேர். பேக்கிங் இல்லாத சாப்பாட்டை மூன்றே நாள் சாப்பிட வைத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். பிஸ்பீனால் 66 சதவீதம் குறைந்தது. 2011இல் வெளிவந்தது. தினமும் புதிதாக உள்ளே அனுப்புகிறோமே, அதுதான் நிற்க வேண்டும்.

(சரோஜா அத்தை ஒரு செய்தியை நீக்கினார்)

மணி சித்தப்பா: நன்றி அக்கா. மற்ற குழுவில்?

சரோஜா அத்தை: அங்கேயெல்லாம் போன வாரமே போட்டது, இப்போ அழிக்க முடியலை. கோயில் குழுவில் நாலு பேர் கும்பிடு வேறு போட்டிருக்காங்க.

மணி சித்தப்பா: கோயில் குழுவிலுமா! எனக்குப் பாதி வியாபாரமே அங்கேதாங்க.

மாலை 6.55

கார்த்தி அண்ணன்: சால்னா வாங்கக் கிளம்பியாச்சு. அம்மாவோட பழைய தூக்குப்போசியைப் பரணிலிருந்து இறக்கிட்டேன். மூடியைக் காணோம். சுதா, பார்த்தியா?

சுதா அண்ணி: மித்ரா எடுத்துட்டுப் போனாள். வாசலில் மண்ணு கொட்டி அதில் இட்லி சுட்டுட்டு இருக்கா. கழுவிட்டு எடுத்துட்டுப் போங்க.