பொட்டாசியத்துக்கு எடுத்த இரத்தம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வார்ட்_இரவு:
கொழும்பில் மெடிக்கல் வார்ட். எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம்) போத்தல்கள் ‘ஹீமோலைஸ்ட் (சிவப்பணு உடைந்தது), திரும்ப எடுக்கவும்’ என்று லேபிலிருந்து அடிக்கடி வருகின்றன. டெங்கு நாட்களில் எஃப்.பி.சி. (முழு இரத்த அணு எண்ணிக்கை) போத்தலிலும் இரத்தம் உறைந்து கட்டி. எல்லாம் சிரிஞ்சால்தான் எடுக்கிறோம். எங்கே பிழை விடுகிறோம்?

லேப்_பக்கம்:
குத்தும் இடத்தை விட, சிரிஞ்சிலிருந்து போத்தலுக்குப் போகும் அந்த அரை நிமிடத்தைப் பாருங்கள். ஊசியோடேயே அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) கலந்துவிடும். ஊசியைக் கழற்றி ஷார்ப்ஸ் பின்னில் போட்டுவிட்டு, போத்தலைச் சரித்து, உட்சுவரில் மெதுவாக வழியவிடுங்கள். நுரை வந்தால் கை அவசரப்பட்டிருக்கிறது.

21 அல்லது 22 கேஜ் ஊசி. மெல்லிய வெயினில் 10 மி.லி. சிரிஞ்சை வைத்து வலிந்து இழுத்தாலும் அணு உடையும், 5 மி.லி. போதும். ஸ்பிரிட் 30 செக்கன் காயட்டும். டோர்னிகே (கையை இறுக்கும் பட்டி) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். “கையைப் பொத்திப் பொத்தி விரியுங்கோ” என்று சொல்வதையும் விடுங்கள். அணு உடையாமலே பொட்டாசியம் ஏறும்.

சிவப்பு_மூடி:
எனக்குப் பயம் இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பிழைதான். சிவப்பு மூடிப் போத்தலில் (எலக்ட்ரோலைட்) இரத்தம் குறைகிறதென்று ஊதா மூடிப் போத்தலிலிருந்து (எஃப்.பி.சி.) கொஞ்சம் ஊற்றுவது! ஊதாவில் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இ.டி.டி.ஏ. பொட்டாசியம் எகிறும், கல்சியம் விழும், சீரமோ தெளிவாகவே இருக்கும். போத்தல்களை நிரப்பும் வரிசை: கல்ச்சர் (கிருமிச் சோதனை), நீலம் (உறைதல் சோதனை), சிவப்பு, ஊதா, கடைசியில் சாம்பல் (சீனி). நீலத்தில் 0.2 மி.லி. சிட்ரேட் என்றால் இரத்தம் சரியாக 1.8 மி.லி. குறைந்தால் பி.ரி. (இரத்தம் உறையும் நேரம்) பொய்யாக நீளும்.

வார்ட்_இரவு:
நன்றி. இரவில் எடுத்துச்செல்ல ஆள் பிந்தினால் பிரிட்ஜில் வைக்கலாமா? டெங்குக் கட்டிக்கு என்ன செய்வது?

லேப்_பக்கம்:
எலக்ட்ரோலைட்டைப் பிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். குளிரில் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் அணுக்களின் பம்ப் நின்று பொட்டாசியம் வெளியே கசியும், நிறமும் மாறாது. அறை வெப்பநிலையில் வைத்து விரைவாக அனுப்புங்கள்.

எஃப்.பி.சி. போத்தலை நிரப்பிய கையோடு 8 முதல் 10 தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். கட்டி பிளேட்லெட்டை விழுங்கிவிடும், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். கோட்டுக்குக் கீழே நிரப்பினால் மிஞ்சிய இ.டி.டி.ஏ. அணுக்களைச் சுருக்கும், சுழற்றிப் பார்க்கும் பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) குறைந்து தெரியும். டெங்கில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைப் பிடிப்பதே பி.சி.வி. ஏறுவதை வைத்துத்தானே. சேலைன் ஓடும் கையில் எடுத்தாலோ இரத்தம் ஐதாகி, உள்ளே இரத்தக்கசிவு என்று டொக்டர் நினைக்க இடமுண்டு. மற்றக் கையில் எடுங்கள்.

சிவப்பு_மூடி:
லேபிளை முன்கூட்டியே ஒட்டி வைக்காமல், எடுத்து முடித்ததும் கட்டிலடியிலேயே ஒட்டுங்கள். “நீங்கள் பெரேராவா?” என்றால் காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார். பெயரை அவரையே சொல்லவைத்து, பி.எச்.டி. (பெட் ஹெட் டிக்கெட், நோயாளியின் வார்ட் பதிவேடு) இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் இரண்டு பெரேரா, இரண்டு ஃபாத்திமா இருப்பது கொழும்பில் புதினமா என்ன?