புதுப்பிப்பு: அக்கா முதல் கட்ட ஆய்வில் சேர்ந்துவிட்டாள்

பரவிய குடல் புற்றுநோயுள்ள அக்காவைப் புது மருந்தின் முதல் கட்ட ஆய்வில் (எந்த அளவு வரை கொடுத்தால் பாதுகாப்பு என்று மனிதர்களிடம் முதலில் பார்க்கும் ஆய்வு) சேர்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டாள்.

பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் தருவார்களோ என்று அப்போது பயந்து எழுதியிருந்தேன். அப்படி இல்லை. இதில் எல்லாருக்கும் மருந்து உண்டு, அளவுதான் மாறும். மூன்று பேருக்குக் கொடுத்து 28 நாள் பார்க்கிறார்கள். யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு வந்தால், அதே அளவில் இன்னும் மூவர். அக்கா இரண்டாம் குழு.

கட்டி சுருங்குமா என்பது இந்தக் கட்டத்தின் முதல் கேள்வியே இல்லை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். வலித்தது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அக்கா நம்பிக் கையெழுத்துப் போட்டாள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

இப்போது சோர்வு இருக்கிறது, வாந்தி இல்லை. எட்டாவது வாரம் ஸ்கேன்.