மறு: காலப்பகுப்பா, காலவாரியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

முதுநிலை இயற்பியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'சிங்க்ரோட்ரான்' (எலக்ட்ரான்களை வட்டமாக ஓட்டி எக்ஸ் கதிர் எடுக்கும் இயந்திரம்) அப்படியே இருக்கட்டும். 'எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல்' (எந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது) வரை தடங்கல் இல்லை. அதன் முன்னால் ஒட்டும் 'டைம் ரிசால்வ்டு' (மாற்றத்தை நேரப்படி தொடர்ந்து பார்ப்பது)தான் மூன்று நாளாகப் படுத்துகிறது. 'காலப்பகுப்பு' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?
– மு.

*

மு. அவர்களுக்கு,

பகுப்பு வேண்டாம். இங்கே யாரும் காலத்தைக் கூறுபோடவில்லை. பிரான்சின் கிரெனோபிள் சிங்க்ரோட்ரானில் வளைந்த படிகம் ஒன்று கதிரை ஆற்றல்வாரியாக விசிறிபோல் விரித்து, முழு நிறமாலையையும் ஒரே வீச்சில் உணரியில் விழவைக்கும். வேறு சில இடங்களில் படிகத்தையே விடுவிடென்று ஆட்டி ஒரு நொடிக்குள் பலமுறை வருடுவார்கள்.

பெயரைச் சோதிப்பது மூன்றாவது முறை. இரும்பு-பைபிரிடின் சேர்மத்தின் சிவப்புக் கரைசலை மெல்லிய தாரையாக ஓடவிட்டு, லேசர் துடிப்பால் ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து எக்ஸ் கதிர்த் துடிப்பால் ஒரு பார்வை. இரும்பு-நைட்ரஜன் பிணைப்பு சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீண்டு, 650 பிக்கோநொடி (ஒரு பிக்கோநொடி, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும். 7112 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் இரும்பின் கே விளிம்பையொட்டி (உட்கவர்தல் திடீரென்று ஏறும் ஆற்றல் அது) நிறமாலையின் வடிவம் மாறுவதில் இது தெரியும். உணரி அத்தனை வேகமானதல்ல. தட்டுக்கும் பார்வைக்கும் நடுவே உள்ள தாமதத்தை மாற்றி மாற்றி, அதே காட்சியை லட்சக்கணக்கான முறை எடுத்துச் சேர்க்கிறார்கள். கதிர்த் துடிப்பின் நீளமே பொதுவாக 100 பிக்கோநொடி அளவு என்பதால் நுணுக்கமும் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியில் கையில் இருப்பது தாமதவாரியாக அடுக்கிய நிறமாலைகள். ஆகவே 'காலவாரி'. தேதிவாரி, ஊர்வாரி என்று மளிகைக்கடையில் கூடச் சொல்வார்கள்.
– செ.

*

செ. அவர்களுக்கு,

இந்த 'வாரி' உருது வழியே வந்த பாரசீக ஒட்டு. 'புயலென்னும் வாரி' என்று குறளில் வருவதோ வருவாய். காலவாரி என்றால் காலத்தின் வருமானம் என்றாகும்! எக்ஸ் கதிருக்கு நிறம் ஏது, நிறமாலை கட்ட? அலைமாலை என்க. 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியர் காலத்தை அளந்து கொடுத்திருக்க, நாம் ஏன் கடன் வாங்கவேண்டும்? என் பரிந்துரை: 'மாத்திரைநிரல் உட்கவர் அலைமாலையியல்'.
– ந.

*

ந. ஐயா, மாத்திரை மட்டும் தமிழா? கண்ணிமைப்பை 0.1 நொடி என்று கொண்டால் அதற்குள் 100 பிக்கோநொடித் துடிப்புகள் நூறு கோடி அடங்கும். 'நிரல்' என்றதும் மாணவர்கள் கணினியைத் திறந்துவிடுவார்கள்.
– செ.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் 'அகத்துறிஞ்சல்'. 'உட்கவர்' என்றால் இங்கே பிள்ளைகள் கடித உறைக்குள் இன்னோர் உறை என்று நினைக்கக்கூடும். நாங்கள் விழுங்குவது குளிசை என்பதால் மாத்திரையில் எங்களுக்குக் குழப்பமில்லை. உங்கள் மாணவர்கள் தண்ணீர் கேட்பார்கள். காலவாரி விளங்குகிறது.
– த.

*

அனைவருக்கும் நன்றி. காலவாரிக்கு நான்கு பேர் (இருவர் தனிமடலில்), நிரலுக்கு ஒருவர், மீதிப்பேர் தூங்கிவிட்டார்கள் போல. 'காலவாரி எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலையியல்' என்று அனுப்பிவிட்டேன். அகத்துறிஞ்சலை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.
– மு.

*

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'வாரி' கடன்சொல் என்று அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம். அப்புறம், கே 'விளிம்பு' என்பதும் பிழை; 'வரம்பு' என்றே இருக்கவேண்டும். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.
– ந.