புதுப்பிப்பு: ஆபீஸ் நெட்டை இழுத்தது ஊழியர்கள் இல்லை

மூன்று வாரத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். சென்னை மண்ணடியில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்சி எங்களுடையது, 9 கம்ப்யூட்டர். மதியம் ஆனால் நெட் படுத்துவிடும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான படிவம்) போடவே முடியாது. பசங்கள் வீடியோ பார்க்கிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். ஸ்கிரீனை ரகசியமாகப் படம் பிடிக்கும் மென்பொருள் போடச் சொன்னார். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'ஆளைப் பார்க்காதீர்கள், ரவுட்டரில் எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. நான்கு நாள் பார்த்தேன். டவுன்லோடு இல்லை, அப்லோடுதான் முட்டிக்கொண்டு நின்றது. பெயரில்லாத ஒரு கருவி. அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தேன். பரணில், பழைய ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால், தூசி அப்பிய கேமரா ரெக்கார்டர்! தினமும் மதியம் 1 மணிக்குக் கிளவுடுக்கு ஏற்றும்படி யாரோ நேரம் வைத்திருக்கிறார்கள். இரவு 11 மணிக்கு மாற்றினேன். சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: ரவுட்டர் பதிவில் தளத்தின் பெயர்தான் தெரியும். போக்குவரத்தைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறை என்பதால் உள்ளே என்ன பார்த்தார்கள் என்று தெரியாது. யூடியூப் அதிகம் ஓடியது புதிதாகச் சேர்ந்த தம்பியின் கம்ப்யூட்டரில். கேட்டால், அதில் பார்த்து எச்எஸ் கோடு (சரக்கு எந்த வகை என்று காட்டும் எண்) போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். தளத்தின் பெயரை வைத்தே திட்டியிருந்தால் எவ்வளவு பாவம்.

ரகசிய மென்பொருள் போடவில்லை. அதில் அவரவர் வங்கி விவரம்கூடப் பதிவாகும் என்றதும் முதலாளியே வேண்டாம் என்றார். ரவுட்டர் பதிவைப் பார்ப்போம் என்பதை எல்லோரிடமும் சொல்லி, எழுதியும் ஒட்டிவிட்டோம். அப்புறம், செல்போன்களுக்கு வேக வரம்போடு தனி வைஃபை.